நாட்மச்

நாட்மச் என்பது கணினியில் சேமிக்கப்பட்டுள்ள மின்னஞ்சல்களுக்குச் சொல்லடைவு அமைத்து, அவற்றைத் தேடவும் குறிச்சொல் இட்டு வகைப்படுத்தவும் உதவும் ஒரு கட்டளைவரி மென்பொருள் ஆகும். கார்ல் வொர்த் என்பவர் 2009 ஆம் ஆண்டு இதனை எழுதத் தொடங்கினார். சி, சி++ ஆகிய நிரல்மொழிகளில் எழுதப்பட்டுள்ள இது, குனூ பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வழங்கப்படும் ஒரு கட்டற்ற மென்பொருள். லினக்சு முதலிய யுனிக்சு வகை இயங்குதளங்களில் இயங்குகிறது.

நாட்மச் மடல்களை வழங்கியிலிருந்து பெறுவதும் இல்லை, பிறருக்கு அனுப்புவதும் இல்லை. மடல்களைப் பெறும் பணியை ஆஃப்லைன்ஐமேப், எம்பிசிங்க் போன்ற வேறு மென்பொருள்கள் செய்கின்றன. ஏற்கனவே வட்டில் வந்து சேர்ந்த மடல்களில் தேடியதைக் கண்டுபிடித்துத் தருவது மட்டுமே இதன் வேலை. கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் சொற்செயலி பிழை செய்தால் திரையிலேயே தெரிந்துவிடும். தேடும் கருவி ஒரு மடலைத் தவறவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது, முடிவுப் பட்டியலில் அம்மடல் இல்லாமல் போகும், அவ்வளவுதான். அப்படியொரு மடல் வரவே இல்லை என்று பயனர் முடிவு செய்துவிடுவார். நாட்மச்சின் பராமரிப்பில் கடினமாக அமைந்த பணிகளுள் பல இந்தச் சத்தமில்லாத தவறுதலைத் தடுப்பதைப் பற்றியவை.

இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யப்படுகின்றன.

பெயரும் தோற்றமும்

நாட்மச் என்ற ஆங்கிலத் தொடருக்கு "அதிகம் ஒன்றுமில்லை" என்று பொருள். ஒருவர் எத்தனை இலட்சம் மடல்களைச் சேர்த்து வைத்திருந்தாலும் "இது ஒன்றும் பெரிய அஞ்சல் அல்ல" என்றே இம்மென்பொருள் எண்ணும் என்பது பெயருக்கு அதன் ஆக்குநர்கள் தரும் விளக்கம்.

2004 ஆம் ஆண்டு அறிமுகமான ஜிமெயில், மடல்களைக் கோப்புறைகளில் பிரித்து அடுக்கும் பழக்கத்துக்கு மாற்றாக, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துத் தேடிக்கொள்ளும் முறையைப் பரவலாக்கியது. அவ்வசதியை வலை உலாவியும் பிறருடைய வழங்கியும் இன்றிச் சொந்தக் கணினியிலேயே தர முயன்றது வில்லியம் மார்கன் ரூபி மொழியில் எழுதிய சப் என்னும் மென்பொருள். கெய்ரோ வரைகலை நிரலகத்தின் ஆக்குநர்களுள் ஒருவரான வொர்த், சப்பின் கருத்துகளை ஏற்றுக்கொண்டு, அவற்றை வேகமாகச் செயற்படும் ஒரு நிரலகமாக மாற்றி எழுத முனைந்தார். சப் மடல் படிக்கும் இடைமுகத்தையும் தேடலையும் ஒரே நிரலாகக் கொண்டது. நாட்மச்சிலோ தேடல் ஒரு நிரலகத்திலும் கட்டளைவரியிலும் இருக்க, இடைமுகத்தை யார் வேண்டுமானாலும் தனியே எழுதிக்கொள்ளலாம். இம்மென்பொருள் நீண்ட நாள் வாழ்வதற்கு இந்தப் பிரிவினையே முதற்காரணம் எனலாம். ஈமாக்சு இடைமுகம் நாட்மச்சுடன் சேர்ந்தே வருகிறது. ஏலாட், ஆஸ்ட்ராய்டு போன்றவை பிறரால் எழுதப்பட்டவை. நியோமட் மடல் படிப்பியும் நாட்மச் தேடலைப் பயன்படுத்தவல்லது.

மென்பொருள் 2009 நவம்பரில் பொதுவில் அறிவிக்கப்பட்டது. 0.1 பதிப்பு 2010 ஏப்ரலில் வெளிவந்தது. பின்னாளில் பராமரிப்புப் பொறுப்பை டேவிட் பிரம்னர் ஏற்றுக்கொண்டார்.

இயங்கும் முறை

நாட்மச் மெயில்டிர் என்னும் சேமிப்பு முறையை எதிர்பார்க்கிறது. இம்முறையில் ஒவ்வொரு மடலும் ஒரு தனிக் கோப்பு. 'நாட்மச் நியூ' என்ற கட்டளையை இட்டதும், அது அஞ்சல் கோப்புறைகளைப் பார்வையிட்டுப் புதிய கோப்புகளைக் கண்டறிந்து, ஜிமைம் என்னும் நிரலகத்தின் துணையுடன் மடலின் தலைப்பு வரிகளையும் உடற்பகுதியையும் பிரித்தெடுக்கிறது. பிரித்தெடுத்த சொற்கள் சேப்பியன் என்னும் தேடல் நிரலகத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன.

சேப்பியன் அமைப்பது ஒரு நூலின் இறுதியில் காணப்படும் சொல்லடைவைப் போன்றது. நூலின் சொல்லடைவில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பக்க எண்கள் இருக்கும். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது இடம்பெற்ற மடல்களின் எண்களும், மடலுக்குள் அச்சொல் எத்தனையாவது இடத்தில் வந்தது என்பதும் இருக்கும். தேடும்போது மடல்களைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இரண்டு சொற்களுக்குரிய எண் பட்டியல்களை ஒப்பிட்டால் போதும். சொல்லின் இடமும் பதிவாவதால் தொடர்களையும் அப்படியே தேட முடிகிறது.

ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்தால் வேகம் கிட்டாது. எனவே நாட்மச் ஒவ்வொரு கோப்புறையும் கடைசியாக மாற்றமடைந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்நேரம் மாறாத கோப்புறைகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. இதில் ஒரு நுட்பமான இடர் உண்டு. நேரம் நொடிக் கணக்கில் பதிவாகிறது. நாட்மச் ஒரு கோப்புறையைப் பார்த்து முடித்த அதே நொடியில் இன்னொரு மடல் அதில் வந்து விழுந்தால், கோப்புறையின் நேரம் மாறாதது போலவே தோன்றும். அடுத்த முறையும் அம்மடல் கண்ணில் படாது. இதனைத் தவிர்க்க, கோப்புறையின் நேரமும் அப்போதைய கடிகார நேரமும் ஒன்றாக இருப்பின் அந்நேரத்தை நாட்மச் பதிவு செய்வதில்லை. மறுமுறை அக்கோப்புறை மீண்டும் பார்வையிடப்படும். மூலநிரலில் இச்சிறு நிபந்தனை இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் இது இல்லையென்றால் எப்போதோ ஒரு மடல் காரணம் தெரியாமல் தொலைந்துகொண்டிருக்கும்.

மடல்களின் உரையாடல் இழைகளை நாட்மச் பொருள்வரியை வைத்து ஊகிப்பதில்லை. மறுமொழி மடல்கள் தம் தலைப்பில் தாங்கியிருக்கும் முந்தைய மடல்களின் அடையாளங்களைக் கொண்டே இழைகளைக் கட்டுகிறது. சில வேளைகளில் மறுமொழி முதலில் வந்து மூல மடல் பிறகு வரும், அல்லது வராமலே போகும். 2014 இல் வெளிவந்த 0.19 பதிப்பு முதல், வராத மடலுக்கென ஒரு வெற்றுப் பதிவு வைக்கப்படுகிறது. ஆக்குநர்கள் இதனைப் பேய்ச் செய்தி என்று அழைக்கின்றனர். உள்ளடக்கம் ஏதும் இல்லாமல், இழையில் தன் இடத்தை மட்டும் பிடித்து வைத்திருப்பதால் பெயர் பொருத்தமானதே.

குறிச்சொற்கள்

நாட்மச்சில் கோப்புறைகளின் இடத்தைக் குறிச்சொற்கள் எடுத்துக்கொள்கின்றன. 'நாட்மச் டேக்' என்ற கட்டளையால் ஒரு மடலுக்கு எத்தனை குறிச்சொற்கள் வேண்டுமானாலும் இடலாம், நீக்கலாம். 'நீக்கப்பட்டது' என்பதும் ஒரு குறிச்சொல் மட்டுமே. அதை இட்டதால் கோப்பு அழிக்கப்படுவதில்லை. நாட்மச் தானாக எந்த மடலையும் அழிப்பதில்லை என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று.

சொல்லடைவுக்கும் குறிச்சொல்லுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வது முக்கியம். தரவுத்தளம் முழுவதும் பழுதடைந்தாலும் சொல்லடைவை மடல் கோப்புகளிலிருந்து மீண்டும் உருவாக்கிவிடலாம், நேரம்தான் ஆகும். குறிச்சொற்களோ மடல் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. அவை தரவுத்தளத்தில் மட்டுமே வாழ்கின்றன. பத்தாண்டுகளாக ஒருவர் தம் கையால் இட்டு வந்த குறிச்சொற்கள் தரவுத்தளத்துடன் சேர்ந்து போய்விட்டால், மடல்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தும் அவற்றின் ஒழுங்கு போய்விடும்.

எனவே பராமரிப்பாளர்கள் குறிச்சொற்களைத் தனிக் கவனத்துடன் கையாளுகின்றனர். 'நாட்மச் டம்ப்' என்ற கட்டளை எல்லாக் குறிச்சொற்களையும் மடலுக்கு ஒரு வரியாக ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதித் தருகிறது. 'நாட்மச் ரெஸ்டோர்' அதனை மீண்டும் ஏற்றுகிறது. தரவுத்தளத்தின் அமைப்பு மாறும் பதிப்புகளில், மாற்றத்தைத் தொடங்குமுன் இத்தகைய நகல் ஒன்று தானாகவே எடுக்கப்பட்டுச் சுருக்கி வைக்கப்படுகிறது. நாட்மச் பயன்படுத்துவோர் மடல்களோடு இந்த உரைக்கோப்பையும் காப்புநகல் எடுத்துவைத்தல் நலம்.

கோப்பின் பெயர் மாறும்போதும் இதே சிக்கல் எழுகிறது. மெயில்டிர் முறையில் ஒரு மடல் படிக்கப்பட்டதும் அதன் கோப்புப் பெயரே மாறிவிடும். நாட்மச்சின் பார்வையில் பழைய கோப்பு ஒன்று காணாமற் போய், புதிய கோப்பு ஒன்று தோன்றுகிறது. காணாமற் போனதை முதலில் நீக்கினால் அம்மடலின் குறிச்சொற்களும் உடன் போகும். ஆகையால் புதியவற்றைச் சேர்த்து முடித்த பின்னரே நீக்கல் தொடங்குகிறது. அதற்குள் அதே மடல் வேறு பெயரில் இருப்பது தெரிந்துவிடும். இரண்டு செயல்களின் வரிசை மாறினால் பயனரின் உழைப்பு அழியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2010 இல் வந்த 0.5 பதிப்பில், படித்தது, பதில் அளித்தது போன்ற சில நிலைகளை மெயில்டிர் கோப்புப் பெயரில் உள்ள குறிகளோடு ஒத்திசைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. பிற குறிச்சொற்களைக் கணினிகளுக்கிடையே ஒத்திசைக்க டேவிட் மாசியெர் எழுதிய மச்சிங்க் என்னும் தனி மென்பொருள் உள்ளது.

ஒரே அடையாளம், இரண்டு மடல்கள்

ஒவ்வொரு மின்னஞ்சலும் தன் தலைப்பில் மெசேஜ்-ஐடி என்னும் அடையாளத்தைத் தாங்கி வருகிறது. இது உலகில் வேறு எந்த மடலுக்கும் இருக்கலாகாது என்பது மின்னஞ்சல் தரத்தின் விதி. நாட்மச் தொடக்கம் முதலே இவ்விதியை நம்பி, ஒரே அடையாளமுள்ள கோப்புகள் அனைத்தையும் ஒரே மடலின் படிகளாகக் கொண்டது. ஒரு குழு மடல் நேரடியாக ஒரு முறையும் குழுவின் வழியாக ஒரு முறையும் வந்தால், பயனர் அதை ஒரு முறை மட்டுமே பார்ப்பார். இது வரவேற்கத்தக்கதே. அடையாளம் இல்லாத மடலுக்குக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளத்தை நாட்மச் தானே அளிக்கிறது.

சிக்கல் என்னவெனில், முதலில் கண்ட கோப்பின் சொற்கள் மட்டுமே சொல்லடைவில் ஏறின. இரண்டாவதாக வந்த கோப்பின் பெயர் மட்டும் பதிவானது. இரண்டும் உண்மையிலேயே ஒன்றாக இருக்கும் வரை குறையில்லை. ஆனால் எல்லா நிரலர்களும் விதியை மதிப்பதில்லை. வெவ்வேறு மடல்களுக்கு ஒரே அடையாளத்தை இட்டு அனுப்பும் தானியங்கி நிரல்கள் உண்டு. தீய நோக்குடைய ஒருவர் வேண்டுமென்றே பிறர் மடலின் அடையாளத்தைத் தம் மடலுக்கு இட்டு, அதை முந்தி வரச் செய்தால், உண்மையான மடல் வட்டில் இருந்தும் தேடலில் அகப்படாது.

2018 ஜனவரியில் வெளிவந்த 0.26 பதிப்பு இதனை மாற்றியது. அதுமுதல் ஒரே அடையாளமுள்ள எல்லாக் கோப்புகளின் சொற்களும் சொல்லடைவில் சேர்கின்றன. ஆயினும் தீர்வு முழுமையானது அன்று. தேடல் முடிவில் மடல் வரும்; திறந்தால் முதற்படி காட்டப்படும்; தேடிய சொல் இரண்டாம் படியில் இருந்தால் பயனர் திகைப்பார். பின்னர் வந்த பதிப்புகளில் எந்தப் படியைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி சேர்க்கப்பட்டது. இரண்டையும் தனித்தனி மடல்களாகவே கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். அவ்வாறு செய்தால் இழைகளும், குறிச்சொற்களும், அடையாளத்தை நம்பி எழுதப்பட்ட இடைமுகங்கள் அனைத்தும் மாற வேண்டியிருக்கும். முதல் ஆண்டில் எடுத்த ஒரு முடிவு பின்னாளைய பராமரிப்பாளர்களை எவ்வளவு கட்டிப்போடும் என்பதை இது காட்டுகிறது.

மறையாக்கப்பட்ட மடல்கள்

0.26 பதிப்பில் மற்றொரு மாற்றமும் வந்தது. மறையாக்கப்பட்ட மடலின் உடற்பகுதி, திறவுகோல் இல்லாதவருக்கு வெறும் எழுத்துக் குப்பை. நாட்மச்சும் அதை அவ்வாறே கண்டதால் அத்தகைய மடல்களின் உள்ளடக்கத்தைத் தேட முடியாமல் இருந்தது. டேனியல் கான் கில்மோரின் முயற்சியால், பயனர் விரும்பினால் மறைவிலக்கிய உரையையும் சொல்லடைவில் சேர்க்கும் வசதி கிடைத்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. சொல்லடைவில் சொற்களும் அவற்றின் இடங்களும் இருப்பதால், அதைக் கைப்பற்றியவர் மடலின் உரையைப் பெருமளவு மீட்டுவிடலாம். நாட்மச்சின் ஆவணமே இதனைத் தெளிவாக எச்சரிக்கிறது. இவ்வசதியைப் பயன்படுத்துவோர் தரவுத்தளம் இருக்கும் வட்டையும் மறையாக்கம் செய்திருக்க வேண்டும்.

அதே பதிப்பில் வந்த 'நாட்மச் ரீஇன்டெக்ஸ்' என்னும் கட்டளை, தேர்ந்தெடுத்த மடல்களுக்கு மட்டும் சொல்லடைவைப் புதிதாக அமைக்கிறது. குறிச்சொற்கள் அப்படியே இருக்கும். முன்பு இதற்குத் தரவுத்தளம் முழுவதையும் அழித்து மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது.

தமிழ் மடல்களைத் தேடுதல்

சேப்பியன் ஒருங்குறியைப் புரிந்துகொள்வதால் தமிழ் மடல்களும் சொல்லடைவில் ஏறுகின்றன. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சொல்லின் பகுதியாகவே கொள்ளப்படுகின்றன. இருப்பினும் தமிழில் தேடுவோர் சில வரம்புகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது அடிச்சொல் பிரித்தல். ஆங்கிலத்தில் பன்மை, காலம் காட்டும் ஈறுகளை நீக்கி அடிச்சொல்லைப் பெறும் நெறியை மார்ட்டின் போர்ட்டர் 1980 இல் வெளியிட்டார். நாட்மச்சின் மூலநிரலில் ஆங்கிலத்துக்கான பிரிப்பான் நேரடியாக எழுதப்பட்டுள்ளது. வேற்றுமை உருபேற்ற தமிழ்ச் சொற்களை இது தொடுவதில்லை. 'கோயில்' என்று தேடினால் 'கோயிலுக்கு' என்று மட்டுமே எழுதப்பட்ட மடல் கிடைக்காது. அடிச்சொல் பிரிக்கும் நெறிகளைத் திரட்டும் ஸ்னோபால் திட்டத்தில் தமிழுக்கும் ஒரு பிரிப்பான் உள்ளது. ஆனால் சொல்லடைவு அமைக்கும்போது பயன்பட்ட பிரிப்பானே தேடும்போதும் பயன்பட வேண்டும் என்பதால், அதை மாற்றுவோர் எல்லா மடல்களுக்கும் சொல்லடைவை மீண்டும் அமைக்க வேண்டும். ஒரே மடலில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வருவது வேறு சிக்கல்.

இப்போதைக்கு நடைமுறை வழி, சொல்லின் இறுதியில் உடுக்குறி இட்டுத் தேடுவது. இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருங்குறியில் 'ல்' என்பது 'ல' என்னும் எழுத்தும் புள்ளியும் சேர்ந்தது. 'லு' என்பது 'ல' என்பதுடன் உகரக் குறி சேர்ந்தது. ஆகவே புள்ளியை விட்டுவிட்டு 'கோயில*' என்று தேடினால் கோயில், கோயிலுக்கு, கோயிலில் ஆகிய அனைத்தும் கிடைக்கும். புள்ளியோடு தேடினால் கிடைக்காது. 'கூட்ட*' என்று தேடுபவருக்குக் கூட்டத்தோடு கூட்டணியும் சேர்ந்து வரும் என்பது உண்மைதான். தேவையற்றது கிடைப்பதைத் தள்ளிவிடலாம்; தேவையானது கிடைக்காமற் போவதைத்தான் அறிய முடியாது.

இரண்டாவது வரம்பு சொல்லின் நீளம். சேப்பியனின் இயல்பான அமைப்பில் 64 பைட்டுக்கு மேற்பட்ட சொற்கள் சொல்லடைவில் ஏறுவதில்லை. ஆங்கிலத்துக்கு இது தாராளம். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு எடுத்துக்கொள்வதால், 21 குறிகளுக்கு மேல் போனால் சொல் விடுபடும். 'பல்கலைக்கழகம்' 13 குறிகள், 39 பைட்டு, தடையில்லை. 'பல்கலைக்கழகத்திலிருந்து' 23 குறிகள், 69 பைட்டு. இவ்வடிவம் மட்டும் உள்ள மடலை உடுக்குறி இட்டுத் தேடினாலும் பயனில்லை.

ஒகர, ஓகார உயிர்மெய்களை ஒரே குறியாகவும், இரண்டு குறிகளின் சேர்க்கையாகவும் உள்ளிட முடியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை சேப்பியனுக்கு வெவ்வேறு சொற்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி முதலிய குறியேற்றங்களில் அனுப்பப்பட்ட மடல்கள், தலைப்பில் குறியேற்றத்தின் பெயர் சரியாக இல்லாதிருப்பின், பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவே சொல்லடைவில் ஏறும். இத்தகைய பழைய மடல்களை வைத்திருப்போர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய நகல்களையும் அஞ்சல் கோப்புறையில் சேர்ப்பது ஒரு வழி.

மேம்பாடு

நாட்மச்சுக்கான மாற்றங்கள் மின்னஞ்சல் வழியாகவே அனுப்பப்பட்டு ஆராயப்படுகின்றன. எந்த மாற்றம் ஆய்வுக்குக் காத்திருக்கிறது, எது ஏற்கப்பட்டது என்பதை ஆக்குநர்கள் நாட்மச்சின் குறிச்சொற்களைக் கொண்டே குறித்து, அக்குறிச்சொற்களைக் கிட் வழியாகப் பகிர்ந்துகொள்கின்றனர். இதற்கென எழுதப்பட்ட என்எம்பக் என்னும் நிரலின் வழிவந்த பொதுப் பயன்பாட்டுக் கட்டளை ஒன்று 2022 இல் வெளியான 0.37 பதிப்பில் சேர்க்கப்பட்டது. சோதனைத் தொகுதியும் கிட் திட்டத்தினுடையதிலிருந்து பெறப்பட்டதே. வழு ஒன்றைத் திருத்துவோர் முதலில் அவ்வழுவைக் காட்டும் சோதனையை எழுதுவது அங்கு வழக்கம்.

முதல் வெளியீட்டுக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்தும் பதிப்பு எண் 0 என்றே தொடங்கியது. இது முதிர்ச்சியின்மையைக் காட்டுவதாகக் கொள்ளலாகாது.

ஒத்த மென்பொருள்கள்

ரிச்சர்டு கர்னோ எழுதிய மெய்ரிக்ஸ், தேடல் முடிவுகளை ஒரு போலிக் கோப்புறையில் இணைப்புகளாக வைத்துத் தருகிறது. அக்கோப்புறையை எந்த மடல் படிப்பியிலும் திறக்கலாம். டிர்க்-யான் பின்னெமா எழுதிய மியூ, நாட்மச்சைப் போலவே சேப்பியனைப் பயன்படுத்துகிறது. மியூ4ஈ என்னும் ஈமாக்சு இடைமுகம் அதனுடன் வருகிறது. மியூ மடலின் நிலைகளைத் தரவுத்தளத்தில் மட்டும் வைத்திராமல் மெயில்டிர் கோப்புப் பெயர்களையும் மடலின் தலைப்பையுமே சார்ந்திருப்பதால், அதன் தரவுத்தளத்தை அழித்துவிட்டு மீண்டும் உருவாக்கினாலும் இந்நிலைகள் இழக்கப்படுவதில்லை.